திரும்பி வராத கண்ணாடிகள்

ஜூன் 2

அண்ணிக்கு,

ஐந்து மாதம் கழித்து எழுதுகிறேன். போனில் பேசியிருக்கலாம். பேசினால் நீங்கள் ஒன்று சொல்வீர்கள், நான் ஒன்று சொல்வேன், நடுவில் அண்ணன் போனை வாங்கி "சாப்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். எழுதினால் திட்டுவதைக்கூட யோசித்துத் திட்டலாம்.

ஜனவரியில் உங்கள் வீட்டில் எல்லோரும் கூடியிருந்த அன்று, சுவரில் மாட்டியிருந்த போட்டோவைக் கழற்றிப் பார்த்தேன். கண்ணாடியில் என் விரல் பதிந்துவிட்டது. நீங்கள் அதைத் துடைத்துக்கொண்டே சொன்னீர்கள்: "இவ கை பட்டா கண்ணாடியே கறுத்துப்போகும். இவளப் போயி லேசர் ஆபீஸ்ல கண்ணாடி மாட்ட வச்சிருக்காங்க." சித்தி, மாமா எல்லோரும் சிரித்தார்கள். அன்று பையைத் தூக்கிக்கொண்டு வந்தவள்தான் நான்.

இப்போது இங்கேயும் அதையேதான் சொல்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

உங்கள் பட்டறையில் பாலிஷ் போட்டு அனுப்புகிற கண்ணாடிகளைச் சட்டத்தில் பொருத்தி, லேசர் ஒளி போகிற பாதையில் மாட்டுவது என் வேலை. ஒளி வந்து போவது கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. அப்போது நாங்கள் கனத்த சுவருக்கு அந்தப் பக்கம் இருப்போம். மணி அடிக்கும், முடிந்துவிடும். இரும்பு தாங்காத ஒளியைக் கண்ணாடி தாங்குகிறது. எப்படித் தாங்குகிறது என்றால், அது ஒளியைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை, வந்ததை அப்படியே மறுபக்கம் விட்டுவிடுகிறது. எங்கேயாவது ஒரு தூசியோ, விரல் பிசுக்கோ, மயிரிழை விரிசலோ இருந்தால் அந்த இடம் மட்டும் பிடித்துக்கொள்ளும். பிடித்த இடம் வெடிக்கும்.

பதினேழாம் நம்பர் கண்ணாடியை மெல்லிய ஒளியில் ஆரம்பித்து, நாளுக்கு நாள் கூட்டிக் கூட்டிப் பழக்கினோம். தாங்கியது. மே 28 அன்று முழு ஒளி. கேமராவில் பார்த்தால், ஒளி வெளியே போகிற பக்கத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. கடுகளவு. இன்னொரு தடவை விட்டார்கள், பருப்பளவு ஆகிவிட்டது. ஒருமுறை வெடித்தால் ஒவ்வொரு தடவையும் வளரும். நிறுத்திவிட்டார்கள்.

எங்கள் கூடத்துக்குப் பெரியவர் ஒரு மேடம். எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"உள்ள வந்தப்போ விளக்குல பாத்தோம், ஒண்ணும் இல்ல. அதுக்கப்புறம் தொட்டது நீ ஒருத்திதான். கிளவுஸ் போட்டிருந்தியா?"

"போட்டிருந்தேன் மேடம். நடுவுல ஒண்ணு கிழிஞ்சுது. உடனே மாத்திட்டேன்."

"கிழிஞ்சுதா?"

கேட்காததைச் சொல்லி மாட்டிக்கொண்டேன். மறுநாளே என்னைக் கண்ணாடிப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லி, கூடத்துக்குள் போடுகிற வெள்ளை உடுப்புகளை மடிக்கிற அறைக்கு அனுப்பிவிட்டார்கள். விசாரணை நடக்கிறது. வேலை போனால் தங்கியிருக்கிற அறையும் போகும்.

பதினேழாம் நம்பர் உங்கள் கையில் இருந்து வந்ததா என்று பாருங்கள். அங்கே ஏதாவது நடந்திருக்குமா? குற்றம் சொல்லக் கேட்கவில்லை. எனக்குக் கேட்க வேறு ஆள் இல்லை.

சின்னவள்

ஜூன் 8

சின்னவளுக்கு,

உன் கடிதம் வந்தது. போட்டோ விஷயத்தை நீ இன்னும் மனதில் வைத்திருப்பாய் என்று நான் நினைக்கவில்லை. நான் அப்படித்தான் பேசுவேன் என்று இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

பதினேழு என் பாலிஷ் சக்கரத்தில் ஓடியதுதான். பிப்ரவரியில் அனுப்பினேன். எங்கள் இன்ஸ்பெக்டர் பூதக்கண்ணாடி (அவருக்கு நாங்கள் வைத்த பெயர், கழுத்தில் லென்ஸைக் கட்டிக்கொண்டே தூங்குவார் என்று சொல்வோம்) இருட்டறையில் விளக்கடித்துப் பார்த்து முத்திரை வைத்த கண்ணாடி. இங்கே கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை இருக்கிறது. யார் பாலிஷ் போட்ட கண்ணாடி எத்தனை திரும்பி வந்தது, எத்தனை மறுபடி அரைக்கப் போனது என்று அதில் எழுதி வைத்திருப்பார்கள். என் பெயருக்கு நேரே பதினெட்டு வருஷமாக சைபர். இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

கிளவுஸ் கிழிந்ததை நீயே சொல்லியிருக்கிறாய். கிழிந்த நேரத்தில் கை எங்கே இருந்தது என்று யோசித்துப் பார்.

உன் அண்ணனுக்கு இடுப்பு வலி பரவாயில்லை. மாடி அறையைக் காலி செய்து வெள்ளை அடித்துவிட்டேன். ஜன்னலுக்குப் புதுத் திரையும் தைத்துப் போட்டாகிவிட்டது. அங்கே அறை போனால் யோசிக்காமல் இங்கே வந்துவிடு. எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம். இத்துடன் இருபது ஜோடி நல்ல கையுறை அனுப்பியிருக்கிறேன்.

அண்ணி

ஜூன் 14

அண்ணிக்கு,

கையுறை கிடைத்தது. உடுப்பு மடிக்கிற இடத்தில் அதற்கு வேலை இல்லை, ஆனாலும் வைத்திருக்கிறேன். நீங்கள் எனக்காக மாடி அறையில் திரை தைத்துப் போட்டதாகப் படித்ததும், இது அண்ணி எழுதியதுதானா என்று கையெழுத்தை இரண்டு தடவை பார்த்தேன். நீங்கள் திட்டியிருந்தால் எனக்குப் பயமில்லாமல் இருந்திருக்கும்.

நீங்கள் சொன்னபடி யோசித்துப் பார்த்தேன். இரண்டு வாரமாகவே அதைத் தவிர வேறு வேலை இல்லை. கிளவுஸ் கிழிந்தபோது என் கை சட்டத்தில் இருந்தது. கண்ணாடியில் இல்லை. முதல் வாரம் அது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. இப்போது தெரியவில்லை. ராத்திரி படுத்தால் என் விரல் கண்ணாடியைத் தொடுவது மாதிரியே தோன்றுகிறது. குளிர்ச்சிகூடத் தெரிகிறது. கையைக் கழுவிக் கழுவி விரல் நுனியில் தோல் உரிந்துவிட்டது. சாப்பாட்டு அறையில் தண்ணீர் ஜாடியை நான் தொட்டால், பக்கத்தில் இருப்பவள் கைப்பிடியைத் துடைத்துவிட்டு எடுக்கிறாள். வேண்டுமென்று செய்வதில்லை, கைதான் போகிறது. அதற்காக அவளிடம் சண்டை போடவும் முடியவில்லை.

மேடம் நேற்றுக் கூப்பிட்டார். கோபமாகப் பேசவில்லை. "தெரியாமத் தொட்டிருக்கலாம்னு ஒரு கடுதாசி எழுதிக் கையெழுத்துப் போட்டுடு. உடுப்பு ரூம்லயே வச்சுக்கறேன், வேலை போகாது. இல்லைன்னா விசாரணை முடியறவரைக்கும் நானும் ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார். 24ஆம் தேதிக்குள் சொல்ல வேண்டும்.

போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். போட்டால் கண்ணாடியைத் திரும்பத் தொட விடமாட்டார்கள். ஆனால் நான்தான் தொட்டிருப்பேன் என்று எனக்கே தோன்ற ஆரம்பித்த பிறகு, எதை வைத்துச் சண்டை போடுவது?

சின்னவள்

ஜூன் 18

சின்னவளுக்கு,

கையெழுத்துப் போடாதே.

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதை மட்டும் கிழிக்காமல் அனுப்ப வேண்டும் என்று உன் அண்ணனிடம் இப்போதே தபால்தலை வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன். எதற்கு என்று சொல்லவில்லை.

நீ அந்தக் கண்ணாடியைத் தொடவில்லை. தொட்டிருந்தாலும் அதனால் வெடிக்கவில்லை.

நீ பையைத் தூக்கிக்கொண்டு போன பிறகு நான் பட்டறையில் உன்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன், மனதுக்குள். சக்கரம் ஓடிக்கொண்டிருக்கும்போது கூட. பாலிஷ் பொடி கலந்த தண்ணீர் தொட்டி விளிம்பில் தெறித்துக் காய்ந்துபோகும். அதை மணிக்கு ஒருமுறை துடைக்க வேண்டும். மற்றவர்கள் துடைக்காவிட்டால் நான் சும்மா விடுவதில்லை. அந்த வாரம் நான் துடைக்கவில்லை. காய்ந்த பொறுக்கு ஒன்று உள்ளே விழுந்து, சக்கரத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு உருண்டது. எடுத்துப் பார்த்தால் வெட்டிப்போட்ட நகத் துண்டு நீளத்துக்கு ஒரு கீறல்.

கீறல் விழுந்தால் சொல்ல வேண்டும். மறுபடி அரைக்கப் போகும். கீறலின் ஆழத்தைப் போல மூன்று பங்கு அரைத்து எடுத்துவிட்டு முதலிலிருந்து பாலிஷ் போட வேண்டும், ஒன்பது நாள் வேலை. பலகையில் ஒன்று ஏறும். நான் சொல்லவில்லை. இன்னும் ஒன்றரை நாள் மெதுவாக ஓட்டினேன். பாலிஷ் என்பது தேய்த்து எடுப்பது மட்டும் இல்லை. தேய்த்ததையே மேலே தோல் மாதிரி இழுத்து மூடிக்கொண்டும் போகும். கீறல் போகாது, மூடிக்கொள்ளும். விளக்கடித்தால் தெரியாது. அடியில் விரிசல் அப்படியே இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கத்தான் ஆசிட் தொட்டி வைத்திருக்கிறார்கள். முக்கினால் அந்தத் தோல் கரைந்து, மூடியது எல்லாம் திறந்துகொள்ளும். அன்று தொட்டியை மாற்றிக்கொண்டிருந்தார்கள், உங்கள் ஆபீசிலிருந்து அவசரம் என்று சொல்லியிருந்தார்கள். பூதக்கண்ணாடி என்னிடம் வந்து, "உங்க கண்ணாடிதானே அக்கா, முக்கித்தான் ஆகணுமா?" என்று கேட்டார். "வேணாம்" என்று சொன்னேன். அவ்வளவுதான். ஒரு வார்த்தை.

மேடத்திடம் ஆசிட்டில் முக்கிப் பார்க்கச் சொல். வெடித்த இடத்தை ஒட்டி, நம்பர் வெட்டியிருக்கிற மூலையிலிருந்து இரண்டு விரல் உள்ளே, சாய்வாக இருக்கும். பிசுக்காக இருந்தால் முக்கியதும் போய்விடும், கீறலாக இருந்தால் திறக்கும். அதுவே சாட்சி.

என் பெயர் வராமல் இதைச் சொல்ல முடியுமா என்று பார். இப்படிக் கேட்க எனக்கு எவ்வளவு வெட்கமாக இருக்கிறது என்று உனக்குத் தெரியும். தெரிந்தாலும் கேட்கிறேன்.

அண்ணி

ஜூன் 25

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை உடுப்பு மடிக்கிற மேசையிலேயே நின்றுகொண்டு படித்தேன். பிறகு முப்பது உடுப்பைத் தப்பாக மடித்து, எல்லாவற்றையும் பிரித்து மறுபடி மடித்தேன்.

உங்களுக்கு முதல் நாளே தெரியும். தெரிந்துகொண்டேதான் "கை எங்கே இருந்தது என்று யோசித்துப் பார்" என்று எழுதினீர்கள். நானும் உட்கார்ந்து யோசித்தேன். என் விரல் தோலை உரித்துக்கொண்டு யோசித்தேன். கீறலைவிட அந்த வரிதான் எனக்கு ஆறவில்லை. நீங்கள் திரை தைத்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு கடிதம் எழுதியிருக்கலாம்.

கையெழுத்துப் போடவில்லை. மேடத்திடம் போய் ஆசிட்டில் முக்குங்கள், இந்த மூலையில் பாருங்கள் என்றேன். முக்கினார்கள். திறந்தது. வரிசையாக எட்டுப் புள்ளி, தையல் போட்ட மாதிரி. எனக்கு அழுகை வந்துவிட்டது, பிழைத்தேன் என்று. மேடம் என் முகத்தைப் பார்த்தார்.

"இந்த இடத்துல இருக்குன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"தோணுச்சு மேடம்."

"நம்பர் மூலை, ரெண்டு விரல், சாய்வா. இவ்வளவும் தோணுச்சா? வந்தப்போ விளக்குல கீறல் இல்ல. அப்போ மாட்டறப்போ விழுந்திருக்கு. விழுந்தது ஒனக்குத் தெரியும், இத்தனை நாள் மறைச்சிருக்க."

ஆசிட்டில் போட்ட பிறகு மேலே இருந்த கீறல் எது, மூடியிருந்த கீறல் எது என்று பிரித்துச் சொல்ல முடியாதாம். உங்கள் பெயரைக் காப்பாற்றப்போய், தெரியாமல் தொட்டவளாக இருந்த நான் தெரிந்தே மறைத்தவளாக ஆகிவிட்டேன். பத்தாம் தேதி முடிவு சொல்வார்கள்.

உங்கள் பெயரை நான் சொல்லவில்லை. பாசத்தில் சொல்லாமல் இருக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அண்ணன் முகம் ஒரு காரணம். இன்னொன்று, அது நான் சொல்ல வேண்டியது இல்லை.

சின்னவள்

ஜூலை 8

சின்னவளுக்கு,

இதற்குள் மேடம் உன்னைத் திரும்பக் கண்ணாடி வேலைக்குக் கூப்பிட்டிருப்பார். இருந்தாலும் என்ன நடந்தது என்பதை நீ என் வாயால் கேட்க வேண்டும்.

உன் கடிதம் வந்த அன்று முதலில் பூதக்கண்ணாடியிடம் போனேன். கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். "அக்கா, முக்காம அனுப்பினது நானு. ரெண்டு பேருமே போயிடுவோம். அந்தப் பொண்ணு சின்னப் பொண்ணு, வேற வேலை கெடைக்கும். நமக்கு?" என்றார். நியாயமாகவே பேசினார். இதைத்தான் நான் ஒரு மாதமாக எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். இன்னொருத்தர் வாயிலிருந்து வரும்போதுதான் அது எவ்வளவு அசிங்கம் என்று காதில் விழுகிறது.

அங்கிருந்தே மேடத்துக்குப் போன் செய்தேன். நம்பவில்லை. "நாத்தனாரக் காப்பாத்தப் பேசறீங்களா? எங்க விளக்குக்குத் தெரியாம ஒரு கீறல மூட முடியும்னா, செஞ்சு காட்டுங்க" என்றார். மூன்றாம் நாள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டார்.

பன்னிரண்டு பேரும் சக்கரத்தை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றார்கள். கழித்துப்போட்ட கண்ணாடி ஒன்றைக் கொடுத்தார்கள். காய்ந்த பொறுக்கை நானே எடுத்து உள்ளே போட்டேன். கீறல் விழுந்தது, எல்லோரும் பார்த்தார்கள். பிறகு ஒன்றரை நாள் பாலிஷ் போட்டேன். திருடிக் காட்டு என்று சொன்னால் எப்படித் திருடுவது? கையைக் கொஞ்சம் அலட்சியமாக விட்டிருந்தால் விளக்கில் தெரிந்திருக்கும், உன் வேலை போயிருக்கும். அதனால் நன்றாகச் செய்ய வேண்டியிருந்தது. சக்கரத்தின் சத்தத்தை வைத்தே எங்கே அழுத்துவது, எங்கே விடுவது என்று பார்த்துப் பார்த்துச் செய்தேன். இவ்வளவு அழகான பாலிஷ் நான் போட்டதில்லை.

இருட்டறையில் மேடம் விளக்கடித்துப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பூதக்கண்ணாடியும் பார்த்தார். "ஒண்ணுமே தெரியலையே" என்றார் மேடம். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் ஒரு கணம் எனக்குப் பெருமையாக இருந்தது, சின்னவளே. நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. எங்கே நிற்கிறோம், எதற்காக நிற்கிறோம் என்பது அதற்கப்புறம்தான் ஞாபகம் வந்தது. மற்ற எதையும் யாரிடமும் சொல்லிவிடுவேன். இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

ஆசிட்டில் முக்கினார்கள். திறந்தது, அதே மாதிரி புள்ளி புள்ளியாக.

பக்கத்துச் சக்கரத்துக்காரி, நான் எப்போதும் கிண்டல் செய்வேனே அவள், பலகையைக் காட்டிக் கேட்டாள். "அக்கா, எம் பேருக்கு நேரா நாலு இருக்கே. அது நாலும் நானே போயிச் சொன்னது." அவ்வளவுதான் கேட்டாள். திட்டவில்லை.

பூதக்கண்ணாடிக்கு ஒரு மாதம் வேலை இல்லை. என்னைச் சக்கரத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆசிட் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடி கழுவுகிறேன். வேறு எதையாவது இப்படி மூடினீர்களா என்று மேடம் கேட்டார். இது ஒன்றுதான் என்று சொல்லிவிட்டேன்.

உன் அண்ணன் என்னிடம் நான்கு நாளாகப் பேசவில்லை. இன்று காலையில் "காபி ஆறிடுச்சு" என்றார். அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாமா என்று தெரியவில்லை.

அண்ணி

ஜூலை 13

அண்ணிக்கு,

என்னைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். மேடம் எல்லோர் முன்னாலும் "நான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றார். சாப்பாட்டு அறையில் ஜாடியைத் துடைத்தவள் தன் தட்டிலிருந்து எனக்கு எடுத்து வைத்தாள். வாங்கிக்கொண்டேன். சந்தோஷப்பட வேண்டிய நாள். எனக்கு என்னவோ தலை நிமிரவில்லை. அங்கே பன்னிரண்டு பேர் நடுவில் நீங்கள் நின்றது கண்ணிலேயே நிற்கிறது. நீங்கள் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டவள் நான்தான்.

பதினேழைத் தூக்கிப்போடவில்லை. வெடித்த புள்ளியை ஒரு சின்ன லேசரால் சூடுபடுத்தி, ஓரத்தில் விரிசல் இல்லாமல் வழவழப்பான குழியாக உருக்கிவிட்டார்கள். அப்படிச் செய்தால் இனி வளராதாம். ஒளி குறைவாக வருகிற இடத்துக்கு மாற்றி மாட்டினேன்.

இன்னொரு விஷயம். உங்கள் கையால் வந்த கண்ணாடி இங்கே இன்னும் பதின்மூன்று இருக்கிறது. எல்லாவற்றையும் இறக்கி ஆசிட்டில் முக்கிப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். ஆனால் ஒரே நாளில் இறக்க முடியாது. மாதத்துக்கு இரண்டுதான் முடியும், மீதி எல்லாம் மாட்டியபடியே இருக்கும். 21ஆம் தேதி மறுபடி முழு ஒளி விடுகிறார்கள். ஒன்று வெடித்தால் தெறிக்கிற தூள் அடுத்த கண்ணாடியில் படியும், பிறகு அதுவும் போகும்.

இறக்குவது நான்தான். நம்பர் வரிசைப்படி இறக்கலாம் என்கிறார் மேடம். எனக்கு எந்த வரிசையானாலும் ஒன்றுதான்.

எதை முதலில் இறக்கட்டும் என்று உங்களைக் கேட்கிறேன்.

சின்னவள்

ஜூலை 16

சின்னவளுக்கு,

பதினொன்றை முதலில் இறக்கு. அதற்கப்புறம் ஆறு.

பதினொன்றில் அடிப்பக்க ஓரத்தில், பாதிக்குக் கொஞ்சம் இடது பக்கமாக. போன வருஷம் கோடையில். ஆறில் இருப்பது மிகச் சின்னது, நடுவில்தான், ஆனால் நடுவில் ஒளி அதிகம் என்று முன்பு ஒருமுறை நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆறு எப்போது நடந்தது என்றுகூட எனக்கு நினைவில்லை. இரண்டாவது தடவை செய்வதற்கு முதல் தடவை அளவுக்குக் கை நடுங்கவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. பதினேழு மூன்றாவது.

உன்மேல் இருந்த கோபத்தில் கவனம் தவறிவிட்டது என்று எழுதியிருந்தேன். ஆறையும் பதினொன்றையும் மூடியபோது நீயும் நானும் நன்றாகத்தான் இருந்தோம். அந்தப் பழியையும் உன் தலையிலிருந்து இறக்கிவிடு.

பட்டறை முழுக்க நிற்க வைத்துக் கேட்டபோதும் ஒன்று என்றேன். உனக்கும் ஒன்று என்றே எழுதினேன். நீ நம்பவில்லை என்பது நீ கேட்ட விதத்திலேயே தெரிந்தது. என்னைக் காட்டிக்கொடுக்காமல், வேலை விஷயமாகக் கேட்பது மாதிரி கேட்டிருக்கிறாய். நான் அப்படி உன்னிடம் ஒரு நாளும் நடந்துகொண்டதில்லை.

கடிதம் 21ஆம் தேதிக்குள் வந்து சேருமோ சேராதோ என்று, இதை எழுதுவதற்கு முன்பே மேடத்துக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். உன் அண்ணன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அவரும் கேட்டார். இனி என்னைத் தொட்டிப் பக்கமும் விடமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

மேடம் எழுதிக்கொண்டார். பிறகு, "இன்னும் இருக்கா?" என்று கேட்டார்.

இல்லை என்று வாய் வரை வந்துவிட்டது. எனக்குத் தெரிந்து இல்லைதான். ஆனால் அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "முக்கிப் பாருங்க மேடம்" என்றேன்.

அண்ணி